கார்த்திகேசு இல்லாத படங்கள்

கிள்ளான் தாமான் செந்தோசா குடியிருப்பில் கார்த்திகேசு வீடு எது என்று கேட்டால், லோரி கார்த்திகேசுவா, கேமரா கார்த்திகேசுவா என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டு பேரும் ஒருவர்தான். வாரத்தில் ஆறு நாள் போர்ட் கிள்ளானிலிருந்து நாற்பதடி கொன்டேனரை இழுத்துக்கொண்டு ஷா ஆலாம், நீலாய், சிரம்பான் என்று ஓடுவார். செவ்வாய்க்கிழமை ஓய்வு. வருஷத்துக்கு இரண்டு தடவை அவர் லோரி நிறுத்துகிற கம்பெனி யார்டில் வேலை செய்கிற பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பஸ் பிடித்துச் சுற்றுலா போகும். அப்போது கையில் கேமராவோடு முன் சீட்டில் உட்கார்ந்திருப்பவரும் அவர்தான்.

கேமரா என்றால் உள்ளங்கையில் அடங்குகிற வீடியோ கேமரா. 2013-இல் வாங்கியது. வலது கையை வாருக்குள் நுழைத்துக்கொண்டு, பக்கத்துத் திரையை விரித்துப் பார்த்து எடுக்க வேண்டும். ஹெச்டி என்ற எழுத்து அதன் விலாவில் இன்னும் அழியாமல் இருக்கிறது. இன்றைக்கு அந்த பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவர் போனிலும் அதைவிடத் தெளிவான கேமரா இருக்கிறது. இதை யாராவது அவரிடம் சொல்லிவிட்டால் போதும், ஈப்போ வரும்வரை பாடம் நடக்கும். போனில் எடுப்பவன் தன் மூஞ்சியை எடுக்கிறான், ஊரை எடுப்பதில்லை என்பார். நடந்துகொண்டு எடுக்கக்கூடாது. தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கிற மாதிரி இப்படியும் அப்படியும் வீசக்கூடாது. ஓர் இடத்தைப் பார்த்து நின்று, மனசுக்குள் பத்து எண்ணி, பிறகுதான் நிறுத்த வேண்டும். மனசுக்குள் என்று சொல்வதே தவிர அவர் வாய்விட்டுத்தான் எண்ணுவார். அவர் எடுத்த எந்தப் படத்தைப் போட்டாலும் அருவிச் சத்தத்துக்கு நடுவிலும் குரங்குக் கூட்டத்துக்கு நடுவிலும் ‘ஒன்னு, ரெண்டு, மூனு’ என்று ஒரு முணுமுணுப்பு கேட்கும்.

ஊர் திரும்பியதும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு முற்றத்துக்கு டிவியைத் தூக்கி வந்து வைப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரம் வரும். மீ கோரெங், கோழிப் பிரட்டல், கேசரி. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டே தங்களையே பார்த்துச் சிரிப்பார்கள். ஒருவர் மட்டும் எந்தப் படத்திலும் இருக்கமாட்டார். “பன்னண்டு வருஷப் படத்தையும் பாக்கறவங்க, நான் புருஷன் இல்லாம தனியா ஊர் சுத்துறேன்னு நெனப்பாங்க லா” என்று அவர் மனைவி தாமரை ஒவ்வொரு முறையும் சொல்வாள். அதற்கு ஒரு சிரிப்பு வரும். கார்த்திகேசுவும் சிரிப்பார்.

போன மாதம் கேமரன் மலைக்குப் போய்வந்த மறுநாள் காலையில்தான் அவருடைய நிம்மதி போனது.

தாமரை பள்ளிக்கூடக் கெண்டீனில் சமைப்பவள். அன்று விடுமுறையாதலால் வீட்டில் இருந்தாள். கார்த்திகேசு மெமரி கார்டை மடிக்கணினியில் செருகி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மலைப்பாதை நன்றாக வந்திருந்தது. தேயிலைத் தோட்டத்தில் பதினொரு குடும்பத்தையும் வரிசையாக நிறுத்தி, கேமராவை ஸ்டேண்டில் வைத்து எடுத்தது பிரமாதம். அதற்கு அடுத்தது காய்கறிப் பாசார். அங்கே ஸ்ட்ரோபெரி ஆடியது. முட்டைக்கோஸ் ஆடியது. அவரோடு இருபது வருஷமாக லோரி ஓட்டுகிற ஜாபர் அலி அவித்த சோளத்தைக் கடித்துக்கொண்டு நின்றவர், சோளத்தோடு சேர்ந்து ஆடினார். நடக்கும்போது வருகிற குலுக்கல் அல்ல அது. ஒரே சீராக, சின்னதாக, நிற்காமல் வருகிற ஆட்டம்.

“எப்படிங்க வந்திருக்கு?” அடுப்படியிலிருந்து தாமரை கேட்டாள்.

“வந்திருக்கு, வந்திருக்கு” என்று மடிக்கணினியை மூடிவிட்டார்.

கேமராவுக்கு ஏதோ கோளாறு என்றுதான் அவர் முதலில் முடிவுகட்டினார். முடிவு கட்டினார் என்பதைவிட, அப்படி இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டார் என்பதே சரி. தன் வலது கை சில சமயம் ஒரு மாதிரியாக ஆடுவது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். துறைமுகக் கேட்டில் கையெழுத்துப் போடும்போது எழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கிப்போவதும் தெரியும். கிளட்சை மிதித்து மிதித்துக் களைப்பு, காப்பி அதிகம், ஐம்பத்தாறு வயது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணத்தைத் தூக்கிப் போட்டு மூடிவைத்திருந்தார். வருகிற மார்ச்சில் அவருடைய லோரி லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு டாக்டர் பார்த்துக் கையெழுத்திட்ட பரிசோதனைப் படிவம் வேண்டும். அந்தப் படிவத்தில் கைகால் நடுக்கம் உண்டா என்று ஒரு கேள்வி இருப்பது போன தடவையே அவர் கண்ணில் பட்டிருந்தது. போன தடவை அதைப் படித்துவிட்டுச் சாதாரணமாகத் திருப்பினார்.

செவ்வாய்க்கிழமை ஓய்வுநாள் வந்ததும், கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு கொம்யூட்டர் என்கிற உள்ளூர் மின்சார ரயிலில் ஏறிவிட்டார். கிள்ளானிலும் ரிப்பேர் கடை இருக்கிறது. ஆனால் அங்கே எல்லாரும் தெரிந்தவர்கள். தலைநகரில் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் ஜவுளிக்கடைகளுக்கும் பூக்கடைகளுக்கும் நடுவில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிற விமலனுக்கு அவர் யாரென்று தெரியாது.

விமலன் ஒயரைச் செருகிக் கேமராவைக் கடை டிவியோடு இணைத்தான். பாசார் காட்சியைப் போட்டுப் பார்த்தான். பிறகு மெனுவுக்குள் போய் ஓர் இடத்தைக் காட்டினான்.

“அண்ணே, ஸ்டெபிலைசர் ஆஃப்ல கெடக்கு. ஸ்டேண்டுல வச்சு எடுத்தீங்களா?”

கார்த்திகேசு நெற்றியில் அடித்துக்கொண்டார். கை ஆட்டத்தைக் கேமராவே சரிக்கட்டிக்கொள்கிற வசதி அது. ஸ்டேண்டில் வைக்கும்போது அதை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் படம் மெல்ல வழுக்கும். இந்த ஒழுங்கையெல்லாம் கடைப்பிடிக்கிற ஆள் அந்த பஸ்ஸிலேயே அவர் ஒருவர்தான். அணைத்தவர் திரும்பப் போட மறந்துவிட்டார். அவ்வளவுதானா? நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. போன உயிர் திரும்பி வந்தது.

“செக் பண்ணிரலாம்ணே” என்று விமலன் கேமராவைக் கையில் எடுத்து, ஸ்டெபிலைசரைப் போடாமலே, சுவரில் இருந்த முருகன் காலண்டரைப் பார்த்துப் பிடித்தான். டிவியில் முருகன் லேசாக அசைந்தார். “இவ்ளோ ஆட்டம் எல்லாருக்கும் இருக்கும். நீங்க புடிங்க.”

கார்த்திகேசு வாங்கிப் பிடித்தார். டிவியில் முருகனும் மயிலும் வேலும் வெடவெடவென்று நடுங்கினார்கள்.

அவர் இடது கையையும் கொடுத்துப் பிடித்தார். குறைந்தது, நிற்கவில்லை. விமலன் கையை நீட்டி மெனுவில் ஒரு பட்டனை அழுத்தினான். முருகன் சட்டென்று அடங்கிப் பழையபடி புன்னகைத்தார்.

“ஆன் பண்ணிட்டா எல்லாம் மறைஞ்சிரும்ணே” என்றான். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் ஒயரைச் சுருட்டினான். காசு வாங்கவில்லை. ரிப்பேரே இல்லையே என்றான்.

கார்த்திகேசு வெளியே வந்து கடைகளின் முன்னால் ஓடுகிற ஐந்தடி நடைபாதையில் நின்றார். ஜனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள். ஆன் பண்ணிட்டா எல்லாம் மறைஞ்சிரும். அப்படியானால் இத்தனை வருஷமாகத் தன் கை எப்படி இருந்தது என்று அவருக்கே தெரியாது. எப்போது ஆரம்பித்தது? போன வருஷமா, அதற்கு முந்தியா? படத்தைப் பார்த்துப் பார்த்து, கை உறுதியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தது அவர்தான்.

அதே வரிசையில் நாலு கடை தள்ளி மாடியில் ஒரு கிளினிக் இருந்தது. வேறொரு நாள் என்றால் ஏறியிருக்கமாட்டார். அன்றைக்குக் கால் தானாக ஏறிவிட்டது.

டாக்டர் மலர்விழி சின்ன வயசுக்காரி. கையை நீட்டச் சொன்னாள், மூக்கைத் தொடச் சொன்னாள், காகிதத்தில் ஒரு சுருள் வரையச் சொன்னாள். பிறகு கேட்டாள்: “எப்பலேர்ந்து இருக்கு அங்கிள்?”

“தெரியல டாக்டர்.”

“ஏதாச்சும் வேலை செய்யும்போது ஆடுதா, இல்ல கைய சும்மா வச்சிருக்கும்போது ஆடுதா?”

“கவனிச்சதில்ல டாக்டர்.” அந்த நேரத்தில் அவர் வலது கை மடியில்தான் இருந்தது, இடது கை அதை அழுத்திப் பிடித்திருந்தது.

“ரெண்டும் ஒன்னு இல்ல அங்கிள். வேலை செய்யும்போது மட்டும் ஆடுனா, அது சில குடும்பத்துல இருக்கும். பெரும்பாலும் அதோடயே ஓட்டிரலாம். சும்மா இருக்கும்போது ஆடுனா நான் உங்கள நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பணும். இங்க வந்தா எல்லாரும் கைய இறுக்கிப் புடிச்சிக்குவாங்க, ஒன்னும் தெரியாது. வீட்டுல யாரையாச்சும் நீங்க கவனிக்காத நேரமா பாத்து வீடியோ எடுக்கச் சொல்லுங்க. அடுத்த வாரம் ஆன்டியையும் கூட்டிட்டு வாங்க.” கணினிப் பக்கம் திரும்பினாள். “என்ன வேலை பாக்கறீங்க?”

கார்த்திகேசு கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“கெடங்குல. மேற்பார்வை.”

டாக்டர் அதைத் தட்டிக்கொண்டாள்.

இறங்கி வரும்போது படியிலேயே அவருக்கு வெட்கமாக இருந்தது. முப்பது வருஷமாக லோரி ஓட்டுகிறேன் என்று மார்தட்டிச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன். ஒரு சின்னப் பெண்ணிடம், அதுவும் தன்னைக் குணப்படுத்துவதற்காகக் கேட்கிறவளிடம், பொய் சொல்லிவிட்டார். ஆனால் லோரி என்று சொல்லியிருந்தால்? அவள் தட்டுகிற அந்தக் கணினியிலிருந்து விஷயம் எங்கெங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? ரயிலில் கிள்ளான் வரும்வரை இதையே மாற்றி மாற்றி யோசித்தார். தாமரையிடம் மூச்சு விடவில்லை.

புதன்கிழமை லோரியில் ஏறினார். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது கை ஆடவில்லை. அது கொஞ்சம் தைரியம் கொடுத்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது கையை எடுத்துத் தொடைமேல் வைத்தார். வைத்துவிட்டுக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். கையைப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே! விளக்குப் பச்சையாகும்வரை எதிரே இருந்த டயர்க் கடையின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

துறைமுகச் சாலையில் இடதுபக்கம் திரும்பும் இடத்தில்தான் அது நடந்தது. சிக்னல் போடும் தண்டைத் தட்டுவதற்குக் கை ஒரு நொடி தாமதித்தது. எப்போதும் தானாக நடக்கிற காரியம் அன்றைக்கு நடக்கவில்லை, அவ்வளவுதான். அவர் வண்டியைத் திருப்பிவிட்டார். பக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிள் பிரேக் அடித்து, வளைந்து, ரோட்டோரப் புல்லில் ஏறி நின்றது. பின்னால் ஒரு பெண், அவள் மடியில் பள்ளிக்கூடப் பை. ஓட்டியவன் ஹெல்மெட்டைக் கழற்றி மலாயில் வாய்க்கு வந்தபடி திட்டினான். கார்த்திகேசு கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டார். உயர்த்திய கை ஆடியது. அதை அவனும் பார்த்தானோ என்னவோ, திட்டுவதை நிறுத்திவிட்டான்.

அவர் வண்டியை ஓரம்கட்டிக் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது.

யார்டுக்கு வந்ததும் ஜாபர் அலி கேட்டார்: “என்னண்ணே, படம் எப்போ? எங்க வீட்டுல பிரியாணி போடுறேன்னு இப்பவே சட்டி தேடுறாங்க.”

“அடுத்த வாரம் பாப்போம் லா.”

“ஏன்ணே, ஒடம்புக்கு ஆகலயா?”

“ஒன்னுமில்ல லா, கேமராதான் கொஞ்சம் மக்கர்.” பாவம், வாயில்லாத கேமரா. அதன்மேல் பழியைப் போட்டுவிட்டார்.

வியாழக்கிழமை அவருக்கு மதியத்துக்குமேல்தான் வேலை. தாமரை விடியற்காலையிலேயே கெண்டீனுக்குப் போய்விட்டாள். கார்த்திகேசு அலமாரியிலிருந்த சப்பாத்துப் பெட்டியை இறக்கினார். பன்னிரண்டு வருஷத்து மெமரி கார்டுகளும் அதில் இருந்தன. ஒவ்வொன்றின்மேலும் ஊர்ப்பெயரும் வருஷமும் தாமரை கையெழுத்தில் ஒட்டியிருந்தன. டாக்டர் வீடியோ கேட்கிறாள். வீடியோவுக்கா இந்த வீட்டில் பஞ்சம்? சும்மா இருக்கும்போது தன் கை எப்படி இருந்தது என்று காட்ட ஓர் ஐந்து விநாடி போதும். ஏதாவது ஒரு சாப்பாட்டு மேசையில், ஒரு பெஞ்சில், எங்காவது தன் கை இருக்காதா?

இல்லை. பினாங்கு கொடிமலை ரயிலில் கண்ணாடி ஜன்னலில் கேமராவைத் தூக்கிப் பிடித்த ஒரு நிழல் தெரிந்தது; முகமில்லை. மலாக்கா ஆற்றங்கரையில் தரையில் நீளமாக அவர் நிழல். கோல சிலாங்கூரில் கலங்கரை விளக்கத்தின் அடியில் ஜாபர் அலி குடும்பம், அவர்களுக்கு நடுவில் தாமரை, எல்லாரும் இவரைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். ‘ஒன்னு, ரெண்டு, மூனு’ என்று இவர் குரல் மட்டும் கேட்கிறது. இத்தனை வருஷம், இத்தனை ஊர். ஒரு விரல்கூட இல்லை.

எல்லாக் கார்டும் தீர்ந்துபோனது. கேமராவில் எந்தக் கார்டும் இல்லாத நேரத்தில், சும்மா கைபோன போக்கில் அதன் மெனுவைத் திறந்தார். கார்டு இல்லை, உள்நினைவகத்தைக் காட்டவா என்று கேட்டது. கேமராவின் வயிற்றுக்குள்ளேயே கொஞ்சம் படம் பிடித்துவைக்க இடம் உண்டு. கேமரா கெட்டால் அதில் உள்ளதும் போய்விடும் என்று வாங்கிய அன்றே யாரோ பயமுறுத்தியதால் அவர் அந்தப் பக்கமே போனதில்லை. ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டு அழுத்தினார்.

ஒரே ஒரு படம் இருந்தது. தேதி, 28 மே 2023.

அது பங்கோர் தீவுக்குப் போன நாள். ஃபெர்ரியில் ஏறியதும் கார்டு நிறைந்துவிட்டது. அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, இறங்கியதும் புதுக் கார்டு போடலாம் என்று கேமராவைத் தாமரையிடம் கொடுத்தது அவருக்கு நினைவு வந்தது. கார்டு இல்லையென்றால் அது தானாகவே உள்ளே பதிந்துகொள்ளும். அது அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

முதலில் ஃபெர்ரியின் தரை வந்தது, பிறகு தாமரையின் செருப்பு. கேமரா தட்டுத் தடுமாறி மேலே ஏறியது. எதிர் பெஞ்சில், ஜன்னலோரம், ஒரு மனுஷர் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதோரம் நரை, கட்டம் போட்ட சட்டை. அது தான்தான் என்று பிடிபடக் கார்த்திகேசுவுக்கு ஒரு விநாடி பிடித்தது.

‘ஒன்னு’ என்று மிக அருகில் தாமரையின் குரல் கேட்டது. ரகசியமாக. ‘ரெண்டு. மூனு.’

நாலில் படம் மெல்லக் கிட்டே நகர்ந்தது. ‘எனக்கு இந்த சூம் எழவெல்லாம் வராது’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள், சூம் செய்திருக்கிறாள். முகம் விலகிப்போனது. சட்டை விலகிப்போனது. முழங்கால்மேல் கிடந்த வலது கை திரை முழுவதும் நிறைந்து நின்றது. பெருவிரல் சுட்டுவிரலை உருட்டி உருட்டித் தேய்த்துக்கொண்டிருந்தது. கை முழுக்க அதோடு ஆடியது. கைக்குச் சொந்தக்காரருக்கு ஒன்றுமே தெரியவில்லை, அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘எட்டு. ஒம்போது. பத்து.’

பத்தில் நிறுத்தவில்லை. பதினொன்று என்றாள், பன்னிரண்டு என்றாள். கை நிற்கும் நிற்கும் என்று காத்திருந்தாளோ என்னவோ. இருபத்துமூன்றில் குரல் பிசிறியது. முப்பதைத் தாண்டிய பிறகு எண்கள் சரியாகக் கேட்கவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. நாற்பத்தொன்று என்றதும் படம் தரையில் விழுந்து நின்றுபோனது.

கார்த்திகேசுவுக்கு முதலில் வந்தது கோபம்தான். இரண்டு வருஷத்துக்குமேல் தெரிந்திருக்கிறாள்! தெரிந்துகொண்டே தினமும் சோற்றைக் கட்டிக்கொடுத்து லோரிக்கு அனுப்பியிருக்கிறாள்! அந்தக் கோபம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. பித்தான் வைத்த சட்டைகள் ஒவ்வொன்றாக அலமாரியிலிருந்து காணாமல் போய், டி-ஷர்ட்டுகளாக வந்து அடுக்கிக்கொண்டது நினைவுக்கு வந்தது. காப்பியைப் பெரிய குவளையில் பாதி மட்டும் ஊற்றிக் கொடுப்பாள். “வீட்டுல காப்பித்தூளுக்குப் பஞ்சமா?” என்று அதற்காக ஒரு நாள் கத்தியிருந்தார். அவள் இன்னொரு குவளை ஊற்றிக் கொடுத்தாள். அதையும் பாதியாகத்தான் ஊற்றினாள்.

யார்டுக்குப் போன் செய்து முதுகுவலி என்று சொல்லி திங்கட்கிழமைவரை லீவு கேட்டார். அதுவும் பொய்தான். ஆனால் அந்த மோட்டார் சைக்கிளும் அந்தப் பள்ளிக்கூடப் பையும் கண்ணை விட்டு அகலவில்லை.

தாமரை இரண்டு மணிக்கு வந்தாள். வாசலில் அவர் சப்பாத்தைப் பார்த்ததுமே, “என்னங்க, வேலைக்குப் போகலயா?” என்று பதறிக்கொண்டு உள்ளே வந்தவள், மேசைமேல் கேமராவின் திரை விரிந்திருப்பதைப் பார்த்தாள். அதில் அவள் எடுத்த கை அசையாமல் நின்றிருந்தது. பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“அது போயிருச்சுன்னு நெனச்சேன்” என்றாள். “அப்ப கார்டு இல்லன்னு சொன்னீங்களே.”

“ஏன் சொல்லல தாமர?”

“சொல்லத்தான் எடுத்தேன். வாயால சொன்னா எரிஞ்சு விழுவீங்க, படமா காட்டுனா நம்புவீங்கன்னு. அப்புறம் படம் எங்கயும் காணல. சரி, சாமியே வேணாம்னு சொல்லுது போலன்னு விட்டுட்டேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “சொன்னா மட்டும் லோரிய விட்டுருப்பீங்களா? அதுக்கப்புறம் ராத்திரி பகலா யோசிச்சு ஒடஞ்சு போயிருவீங்க. எனக்குத் தெரியும்.”

“ரெண்டு வருஷம், தாமர.”

“எனக்கு மட்டும் சும்மாவா போச்சு? கெண்டீன்ல ரேடியோவ அணைக்கவே விடமாட்டேன் தெரியுமா? எல்லாரும் பாட்டு கேக்குறேன்னு நெனக்கிறாங்க. ரோடு நியூஸ் கேக்குறேன். போர்ட் கிள்ளான் ரோட்டுல லோரின்னு சொல்லிட்டாப் போதும், கரண்டி கையவிட்டு விழுந்துரும். அது நீங்க இல்லன்னு தெரியுற வரைக்கும் எனக்கு உசுரு இருக்காது. அப்புறம் வேற யாரோ செத்துருக்காங்களேன்னு அழுவேன். பாவி, நான்தான் சொல்லாம இருக்கேன், நாளைக்கு இவரால யாராச்சும் செத்தா அந்தப் பாவம் எனக்குத்தானேன்னு அழுவேன்.”

கார்த்திகேசு புதன்கிழமை நடந்ததைச் சொன்னார். மோட்டார் சைக்கிள், புல், அந்தப் பை. பிரிக்ஃபீல்ட்ஸ் டாக்டரையும் சொன்னார். கிடங்கு மேற்பார்வை என்று சொன்னதை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். தாமரை எழுந்து போய் இரண்டு பேருக்கும் காப்பி கலந்து கொண்டுவந்தாள். இரண்டு குவளையிலும் பாதிதான் இருந்தது.

மறு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர். “நீ கெளம்பி ஸ்டேஷனுக்கு வந்துரு, எனக்கு யார்டுல ஒரு சின்ன வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டு அவர் ஏழு மணிக்கே வெளியே போனார். ரயில் வருவதற்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்து சேர்ந்தார். லீவை நீட்டிக்கச் சொல்லப் போயிருப்பார் என்று தாமரை நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் மலர்விழி அந்தச் சின்னத் திரையைக் கண்ணருகே வைத்துக்கொண்டு படத்தை இரண்டு தடவை பார்த்தாள். தாமரையின் எண்ணிக்கை அந்த அறையில் மெல்லியதாகக் கேட்டது. இரண்டாவது தடவை நாற்பத்தொன்று வந்ததும் டாக்டர் கேமராவை மேசைமேல் பத்திரமாக வைத்தாள்.

“இத யார் எடுத்தது?”

“நான்தான் டாக்டர்” என்றாள் தாமரை.

“கை ஆடாம நல்லா எடுத்திருக்கீங்க ஆன்டி.”

“ஸ்டெபிலைசர் ஆன்ல இருந்துச்சு டாக்டர்” என்றார் கார்த்திகேசு. அந்த நேரத்திலும் அவரால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாமரை அவரை முறைத்தாள். டாக்டர் லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேசினாள். இது சும்மா இருக்கும்போது வருகிற ஆட்டம். என்னவென்று இப்போதே பெயர் சொல்லமாட்டேன், நரம்பு டாக்டர் பார்த்துத்தான் சொல்லவேண்டும். மருந்து இருக்கிறது, பயந்து ஓடவேண்டிய நோய் இல்லை. ஆனால் இந்தத் தேதி ரொம்ப முக்கியம். இதைவைத்து எத்தனை நாளாக இருக்கிறது என்று அந்த நரம்பு டாக்டருக்குத் தெரியும்.

கடிதம் அடிக்கத் தொடங்கினாள். “வேலை, கெடங்கு மேற்பார்வை. அப்படித்தானே அங்கிள்? கனமான மெஷின் எதையும் தொடமாட்டீங்களே?”

கார்த்திகேசு தன் வலது கையை இடது கையிலிருந்து விடுவித்தார். அதை மடியில், எல்லாரும் பார்க்கும்படி வைத்தார். அது ஆடத் தொடங்கியது. இந்தத் தடவை அவரும் பார்த்தார்.

“டாக்டர், நான் கெடங்குல வேலை செய்யல. அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். நான் லோரி ஓட்டுறேன். நாப்பதடி கொன்டேனர்.”

டாக்டரின் விரல்கள் நின்றன. அவள் முகம் மாறியது. “இப்பவும் ஓட்டறீங்களா?”

“இல்ல டாக்டர். இன்னிக்குக் காலையில சாவிய யார்டுல குடுத்துட்டேன். ஏன்னு கேட்டாங்க, கை ஆடுதுன்னு சொன்னேன்.”

தாமரை திரும்பி அவரைப் பார்த்தாள். டாக்டர் இருக்கிறாளே என்றுகூடப் பார்க்காமல் வாய்விட்டு அழுதாள். கார்த்திகேசு ஆடுகிற கையாலேயே அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.